எண்ணெய் வந்த ஆண்டும் பொம்மை ஊரும்

1975ஆம் ஆண்டின் கோடையில், நார்வேயின் தென்மேற்குக் கரையிலுள்ள ஸ்தவாங்கரிலிருந்து ஒரு கான்கிரீட் மலை கடலுக்குள் இழுத்துச் செல்லப்பட்டது. பெரில் ஏ என்ற அந்த எண்ணெய் மேடை, கான்டீப் என்று பின்னால் உலகறிந்த கான்கிரீட் மேடைகளில் முதலாவது. வட கடலின் பிரிட்டிஷ் பகுதியில் போய் நிற்பதற்காக ஸ்தவாங்கரை ஒட்டிய ஃபியோர்டில் கட்டி முடிக்கப்பட்டது. மனிதர்கள் அதுவரை இடம்பெயர்த்த பொருள்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று நார்வேயில் ஒரு திரைப்படம் வெளியானது. அதில் நடித்தவை மேசைமேல் நிறுத்தக்கூடிய பொம்மைகள். ஊர், மலை, பட்டறை, பந்தயச் சாலை எல்லாமே ஓர் அறைக்குள் அடங்கும்படி கையால் செய்து வண்ணம் தீட்டியவை. ‘ஃப்ளோக்லீபா கிராண்ட் பிரி’ என்ற அந்தப் படத்துக்கு இதுவரை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றிருக்கின்றன. படம் வெளியான நாளில் நார்வேயின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 40 லட்சம்தான். நாட்டின் ஆகப் பெரிய பொருளும் ஆகச் சிறிய ஊரும் ஒரே கோடையில் மக்கள் முன் வந்து நின்றதை வெறும் தற்செயலாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய படங்களின் காட்சிகளைச் சிற்றுருவங்களாக வடித்து, வண்ணம் தீட்டி, சிறு பீடத்தின்மேல் நிலைநிறுத்தும் கலையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தச் சந்திப்பைவிட நல்ல இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

அந்தக் கலையைப் பற்றிய பொதுக் கருத்து எளிமையானது. முதலில் படம் வருகிறது, பிறகு ரசிகர் வருகிறார். தனக்குப் பிடித்த ஒரு காட்சியை 54 மில்லிமீட்டர் உருவமாகவோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ செய்து, பிரைமர் பூசி, மெல்லிய தூரிகையால் கண்ணின் கருவிழிவரை தீட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார். இந்தப் பார்வையில் டயோரமா, அதாவது சிற்றுருவக் காட்சி, திரைப்படத்தின் வால். படம் இல்லையென்றால் அதுவும் இல்லை. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் வாதம். சிற்றுருவக் காட்சிதான் மூத்தது. சினிமா அதைக் கடனாக வாங்கி, அதற்கு அசைவு கொடுத்து, பல ஆண்டுகள் கழித்துத் திருப்பித் தந்தது. இன்று ஒரு பழைய படத்தின் காட்சியை வண்ணச் சிற்றுருவமாக ஆக்குபவர் சினிமாவுக்குக் கைகட்டி நிற்கவில்லை. தன் கலையிலிருந்து போன பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் 1839இல் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்ஸென் தகரச் சிப்பாய்கள் வார்க்கும் பட்டறை தொடங்கினார். தட்டையான அந்த உருவங்களைக் கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். சிறுவர்கள் அவற்றை வரிசையாக நிறுத்திப் போர்க்காட்சி அமைத்தார்கள், பெரியவர்களும் அமைத்தார்கள். அந்தத் தொழில் அப்போது ஐரோப்பாவில் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1838இல் எழுதிய தகரச் சிப்பாய் கதையே சாட்சி. ஒரே தகரக் கரண்டியை உருக்கி 25 சிப்பாய்களை வார்க்கிறார்கள். கடைசிச் சிப்பாய்க்கு உலோகம் போதாமல் ஒற்றைக் காலோடு நிற்கிறான். வார்ப்புத் தொழிலில் நேரும் ஒரு குறையையே கதையின் உயிராக்கிவிட்டார் ஆண்டர்சன். 1955இல் அதே கதையைப் பொம்மைப் படமாக எடுத்தவர் ‘ஃப்ளோக்லீபா கிராண்ட் பிரி’யின் இயக்குநர், நார்வேயின் ஈவோ காப்ரினோ. அதாவது, வண்ணம் தீட்டிய சிற்றுருவம் கதையாகி, கதை படமாகி, அந்தப் படத்துக்காகவே மறுபடி சிற்றுருவம் செய்யப்பட்டது. இந்தச் சங்கிலியில் சினிமா நடுவில் வரும் ஒரு கண்ணி மட்டுமே.

சங்கிலியை இன்னும் பின்னால் கொண்டுபோகலாம். லூயி டாகேர் 1822இல் பாரிஸில் டயோரமா அரங்கத்தைத் திறந்தார். பெரிய துணிகளில் இருபுறமும் தீட்டிய காட்சிகள்மேல் ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, பகல் இரவாவதையும் வெறுமையான தேவாலயத்தில் ஆட்கள் நிரம்புவதையும் காட்டினார். மக்கள் காசு கொடுத்து இருட்டரங்கில் பார்த்தார்கள். நிழற்படத்தை உலகுக்குக் கொடுத்தவர்களில் ஒருவராகவே டாகேரின் பெயர் இன்று நினைவில் நிற்கிறது. ஆனால் தீட்டிய காட்சிக்கு ஒளியால் காலம் ஊட்டலாம் என்று அவர் முன்பே செய்து காட்டியிருந்தார். சினிமா பிறந்த பின்னும் அந்த வித்தையை விடவில்லை. 1933இல் வில்லிஸ் ஓ’பிரையன் கிங் காங்கை உலவவிட்ட காடு, கண்ணாடியில் தீட்டிய ஓவியங்களுக்கும் மேசைமேல் நட்ட சிறு மரங்களுக்கும் இடையே இருந்தது. 1954இல் எய்ஜி ட்சுபுராயா காட்ஸில்லாவுக்காக டோக்கியோவை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டினார். நமக்கு இன்னும் நெருங்கிய சான்று சென்னையிலேயே இருக்கிறது. 1957இல் வெளிவந்த ‘மாயாபஜார்’ படத்தின் துவாரகை, வாஹினி ஸ்டூடியோவில் 50 அடிக்கு 60 அடி பரப்பில் ஏறக்குறைய 300 சிறு வீடுகளாக எழுப்பப்பட்ட நகரம்; ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தனித்தனியாக மின்விளக்கு எரிந்தது. கே. வி. ரெட்டியின் இயக்கத்தையும் மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவையும் நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடவும் வேண்டும். அந்த 300 வீடுகளுக்குச் சுவர் வைத்து வண்ணம் பூசியவர்கள் செய்தது வேறென்ன? நவராத்திரிக் கொலுவின் பக்கத்தில் மணலும் முளைப்பாரியும் கொண்டு நம் வீடுகளில் பார்க் கட்டுகிறோமே, குளமும் படித்துறையும் கோயிலும் கடைத்தெருவுமாக, அதே கைதான் அங்கும் வேலை செய்தது. நம் செட்டுகளைப் படம் முடிந்ததும் பிரித்து மரத்தையும் ஆணியையும் அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். அதனால் சிற்றுருவத்துக்கும் சினிமாவுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலை நாம் கண்ணால் பார்க்க முடியாமல் போயிற்று. நார்வேயில் அந்தக் கணக்கு அழியாமல் இருக்கிறது.

காப்ரினோ 1920இல் ஆஸ்லோவில் பிறந்தார். தந்தை இத்தாலியர், மேசை நாற்காலி செய்யும் கைவினைஞர். தாய் இங்கேபோர்க் கூடே ஓவியர். ஃபியோர்டுகளை வரைந்து புகழ்பெற்ற 19ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹான்ஸ் கூடேயின் பரம்பரையில் வந்தவர். ஒரு பக்கம் மரம், மறுபக்கம் வண்ணம். 1940களின் நடுவில் ஒரு பொம்மை நாடகக் குழுவுக்காகத் தாய் பொம்மைகள் செய்தபோது மகன் உடனிருந்து உதவினார். அங்கிருந்துதான் சினிமாவுக்குப் போனார். மேடையில் நிற்கவேண்டிய பொம்மையைக் கேமரா முன் நிறுத்தினால் என்ன என்ற கேள்விதான் தொடக்கம். முதல் படம் 1949இல் வெளியானது. 1952இல் எடுத்த ‘வெஸ்லெஃப்ரிக்கும் பிடிலும்’ வெனிஸில் சிறந்த குழந்தைகள் படத்துக்கான பரிசு பெற்றது. பொம்மையை ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் படமெடுப்பதுதான் உலக வழக்கம். காப்ரினோவோ பொம்மையை மறைவிலிருந்து இயக்கி, அசைவை நேரடியாகவே படம்பிடிக்கும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அது எப்படி என்பதை நீண்ட காலம் யாருக்கும் காட்டவில்லை. இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். என் கண்ணில் அதைவிடப் பெரிதாகப்படுவது அவருடைய இடங்கள். 1955இல் வந்த ‘காரியுஸ் பாக்டுஸ்’ படத்தைப் பாருங்கள். துர்பியோர்ன் எக்னரின் குழந்தைகள் புத்தகம். ஒரு சிறுவனின் வாய்க்குள் குடியிருக்கும் இரண்டு குட்டிப் பூதங்கள் பற்களைக் குடைந்து வீடு கட்டுகின்றன. காப்ரினோவுக்குத் தேவைப்பட்ட நிலப்பரப்பு ஒரு பல்வரிசை. பல் மலையாகிறது, சொத்தை குகையாகிறது, பிரஷ் புயலாக வருகிறது. கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பார்த்தவர்களுக்கு மறக்காமல் நிற்பது அந்த வெள்ளை மலைத்தொடரும் அதில் தட்டுப்பட்ட ஓட்டைகளும். கால் நூற்றாண்டுக்கும் மேலாக நார்வேயின் பிள்ளைகள் பல் துலக்கியதில் இந்த டயோரமாவுக்கும் பங்குண்டு.

ஃப்ளோக்லீபாவின் கதையோ என் வாதத்துக்கு நேரான சான்று. ஆல்வ்டால் என்ற உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் பிறந்த ஷெல் ஔக்ருஸ்ட், ஃப்ளோக்லீபா என்ற கற்பனை ஊரைப் பல ஆண்டுகளாக எழுதியும் வரைந்தும் வந்தவர். அந்த ஊருக்கென்று ஒரு செய்தித்தாளே நடத்தினார், ராணுவ வீரர்களுக்கான பத்திரிகை ஒன்றின் பக்கங்களில். 1970 வாக்கில் காப்ரினோவின் சிறு குழு அந்த ஊரைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாக்க முனைந்தது. ஊர் எழும்பியது, ஆட்கள் எழும்பினார்கள். நிகழ்ச்சி மட்டும் எழும்பவில்லை. துண்டு துண்டான நகைச்சுவைக் காட்சிகள் ஒரு முழுமையாகச் சேராமல் போக, ஒன்றரை ஆண்டு உழைப்புக்குப் பின் அது கிடப்பில் போடப்பட்டது. செய்த பொம்மைகளும் கட்டிய இடங்களும் ஸ்னாரோயாவிலுள்ள ஸ்டூடியோவில் அப்படியே இருந்தன. வீணாகிவிடக் கூடாது என்று காப்ரினோவும் அவர் மகனும் ஔக்ருஸ்டோடு உட்கார்ந்து, அந்த ஊருக்கும் அந்த ஆட்களுக்கும் பொருந்துவதாக ஒரு கதையை எழுதினார்கள். திரைக்கதை எழுதிவிட்டு அதற்குச் செட் போடுவது சினிமாவின் வழி. இங்கே டயோரமா முதலில் நின்றது; அதைச் சுற்றிக் கதை பிறகு வளர்ந்தது. நார்வேயின் சினிமா வரலாற்றில் மிக அதிகம் பேர் பார்த்த படம், கைவிடப்பட்ட ஒரு சிற்றுருவக் காட்சியைக் காப்பாற்றும் முயற்சியிலிருந்து வந்தது.

படம் முடிய மேலும் மூன்றரை ஆண்டுகள் ஆயின. வேலை செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சிறு குழுவினர்தான். பொம்மைகளை உருவாக்கி உடை தைத்தவர்களில் முதன்மையானவர் இங்கேபோர்க் ரீசர். உடைக்கும் சிறு பொருள்களுக்கும் கெர்ட் ஆல்ஃப்சென். செட்டுகளையும் கார்களையும் கட்டியவர் பியார்னே சாண்டெமூஸே, நாவலாசிரியர் அக்செல் சாண்டெமூஸேயின் மகன். இந்தப் பெயர்களை நார்வேயில்கூடப் பலர் காப்ரினோ, ஔக்ருஸ்ட் என்ற இரண்டு பெயர்களுக்குள் அடக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. மலை உச்சியில் நிற்கும், படத்தின் நாயகன் ரேயோடோர் ஃபெல்கெனின் சைக்கிள் பட்டறையைக் கண்முன் கொண்டுவாருங்கள். சுவரில் தொங்கும் கருவிகள், தேய்ந்த மரம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மேசை, ஒன்றை இழுத்தால் இன்னொன்று அசையும் விசித்திர இயந்திரங்கள். எல்லாம் புதிதாகச் செய்தவை. ஆனால் எதுவும் புதிதாகத் தெரியவில்லை. பொருளைச் செய்வது பாதி வேலை. அதைப் பயன்பட்டதாகக் காட்டுவது மறுபாதி. துருவும் தூசும் வெயிலில் வெளுத்த வண்ணமும் தூரிகையால் வருகிறவை. இன்று சிற்றுருவம் தீட்டுகிறவர்கள் மணிக்கணக்காகச் செலவிடுவதும் இதில்தான்: மெல்லிய கழுவலாகக் கரும்பழுப்பை மடிப்புகளில் இறக்குவது, காய்ந்த தூரிகையால் விளிம்புகளைத் தடவி ஒளி ஏற்றுவது. படம் ஒரு நொடிக்கு 24 சட்டங்களாக ஓடிப்போகிறது. அந்தப் பட்டறைச் சுவரை யாரும் முழுதாகப் பார்த்துவிட முடியாது. ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறையும் வந்ததற்கு, பார்த்து முடிக்க முடியாத அளவுக்கு அந்த ஊரில் பொருள்கள் இருந்ததும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

இனி ஸ்தவாங்கருக்குத் திரும்ப வேண்டும். மத்தி மீனை டப்பாவில் அடைத்து உலகெங்கும் அனுப்பிய ஊர் அது. அந்தத் தொழில் நலிந்துகொண்டிருந்த வேளையில், 1969இன் இறுதியில் வட கடலின் எகோஃபிஸ்க் வயலில் பெரும் எண்ணெய் இருப்பது உறுதியானது. 1971இல் எண்ணெய் வரத் தொடங்கியது. 1972இல் அரசு எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டாயிலும் எண்ணெய்த் துறை இயக்ககமும் ஸ்தவாங்கரில் நிறுவப்பட்டன. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் விலை பன்மடங்கானது. அந்த ஆண்டுகளில்தான் ஸ்னாரோயாவில் ஃப்ளோக்லீபாவின் கதை எழுதப்பட்டது. அதன் முடிச்சு என்ன? மலை உச்சிப் பட்டறையில் ரேயோடோர் ஒரு பந்தயக் காரை வடிவமைத்து வைத்திருக்கிறான். அவனிடம் முன்பு வேலை பார்த்தவன் அவனுடைய கண்டுபிடிப்பைத் திருடிப் பெரிய பந்தய வீரனாகிவிட்டான். காரைக் கட்டப் பணமில்லை. அப்போது அந்தப் பக்கம் விடுமுறைக்கு வந்த ஓர் அரபு எண்ணெய் ஷேக் பணம் தருகிறார். இல் டெம்போ ஜிகாந்தே என்ற கார் உருவாகிறது. அந்தப் பள்ளத்தாக்குவாசிகளுக்குத் தங்கள் கைத்திறமையும் வெளியிலிருந்து வரும் எண்ணெய்ப் பணமும் எப்படிச் சேரும் என்ற கேள்வி அந்தச் சிறிய ஊரில் விளையாட்டாக நடக்கிறது. ஸ்தவாங்கரில் அதே கேள்வி உண்மையாக நடந்துகொண்டிருந்தது. அங்கே கப்பல் கட்டும் பட்டறைகளும் கான்கிரீட் வல்லுநர்களும் அந்நியக் கம்பெனிகளின் பணத்தோடும் அறிவோடும் கைகோத்துக்கொண்டிருந்தார்கள்.

இதை மறுப்பவர்கள் இருப்பார்கள். காப்ரினோ எண்ணெயைப் பற்றிப் படமெடுக்கவில்லை, பந்தயத்தைப் பற்றி எடுத்தார் என்பார்கள். சரிதான், அவர் எண்ணியதை நான் ஊகிக்கவில்லை. ஆனால் ஒரு படம் தன் காலத்தில் எந்த நரம்பைத் தொட்டது என்பது இயக்குநரின் நோக்கத்தோடு முடிந்துவிடும் விஷயமல்ல. ஷேக் கேலிச்சித்திரமாக வருகிறார் என்பது இன்னொரு மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. 1970களின் ஐரோப்பா எண்ணெய் நாடுகளைப் பார்த்த பார்வை அதில் அப்படியே படிந்திருக்கிறது. அதை அழகு என்று சொல்ல மாட்டேன். ஆயினும் ஓரிடத்தைக் கவனிக்க வேண்டும்: ஷேக்கின் பணம் காரை ரேயோடோரின் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை. அவன் தன் பட்டறையிலேயே, தன் முறையிலேயே கட்டுகிறான். எண்ணெய் ஒரு நாட்டின் கைவினையை விழுங்கிவிடுமா என்று பயந்திருந்த மக்களுக்கு, விழுங்காத ஓர் உலகத்தை அந்தச் சிற்றுருவ ஊர் காட்டியது. இதே கதையை உண்மையான நடிகர்களை வைத்து உண்மையான கிராமத்தில் எடுத்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு அங்குலமும் கையால் செய்யப்பட்டது என்று கண்ணே சொல்லும்போது, கைவினை பிழைக்கும் என்ற கதைக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. படத்தின் பொருளும் பொருளைச் சொன்ன விதமும் ஒன்றாகிவிட்டன. பின்னர் அந்தக் காரை முழு அளவில், உண்மையிலேயே ஓடும்படி கட்டினார்கள்; நாடெங்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள். பெரிதைப் பார்த்துச் சிறிதைச் செய்வதே உலக வழக்கம். இங்கே சிறியது மூலமாகவும் பெரியது அதன் நகலாகவும் ஆயிற்று.

சிறியது என்பது சிறுவர்களுக்கு என்ற எண்ணத்தையும் ஸ்தவாங்கரே உடைக்கிறது. 1999இல் அங்கே திறக்கப்பட்ட நார்வே எண்ணெய் அருங்காட்சியகத்தில் கடல் மேடைகளின் மாதிரிகள் இருக்கின்றன. அவை அலங்காரத்துக்காக இல்லை. 1995இல் கடலுக்குப் போன ட்ரோல் ஏ மேடையின் மொத்த உயரம் 472 மீட்டர். அதன் பெரும்பகுதி நீருக்கடியில் நிற்கிறது. கடலில் போய்ப் பார்ப்பவருக்குத் தெரிவது மேலே உள்ள தளமும் காலின் ஒரு சிறு பாகமும்தான். அந்த மேடையை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் மாதிரியில்தான் பார்க்க முடியும். சிற்றுருவம் பெரியதைக் குறைத்துக் காட்டுகிறது என்பது பாதி உண்மை. பெரியது மறைத்து வைத்திருப்பதை அது திறந்தும் காட்டுகிறது. பழைய படங்களின் காட்சியைச் சிற்றுருவமாக்குபவர் செய்வதும் இதே வேலை. படத்தில் கேமரா ஓர் இடத்தில் நிற்கிறது. நாம் அது காட்டிய பக்கத்தை மட்டுமே பார்க்கிறோம். பீடத்தின்மேல் வைத்த உருவத்தை நாம் சுற்றிவந்து பார்க்கலாம். நாயகனின் முதுகில் துணி எப்படி மடிந்திருக்கும், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று படம் சொல்லாமல் விட்டதையெல்லாம் செய்பவர் முடிவு செய்தாக வேண்டும்.

நகலெடுப்பது படைப்பாகாது என்ற மறுப்புக்கும் இங்கேதான் பதில். 1931இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கறுப்பு வெள்ளைப் படம். முப்பது ஆண்டுகள் கழித்து, 1961இல், அமெரிக்காவின் ஆரோரா கம்பெனி அதன் அரக்கனைப் பிளாஸ்டிக் துண்டுகளாக வார்த்து, ஒட்டி வண்ணம் தீட்டிக்கொள்ளும்படி பெட்டியில் போட்டு விற்றது. திரைப்படச் சிற்றுருவம் வீட்டு மேசைக்கு வந்ததில் அந்தப் பெட்டிக்குப் பெரிய பங்குண்டு. வாங்கியவர் முன் முதல் கேள்வியே நிறம்தான். படத்தில் நிறமே இல்லை. ஒப்பனையில் பச்சை கலந்த சாம்பல் பூசப்பட்டது கறுப்பு வெள்ளையில் பிணம்போல் வெளிறித் தெரிவதற்காக. திரையில் அந்தப் பச்சை யாருக்கும் தெரிந்ததில்லை. ஆகவே தீட்டுபவர் திரையில் பார்த்ததைத் தீட்டுவதா, படப்பிடிப்புத் தளத்தில் நின்றிருந்ததைத் தீட்டுவதா, கதையிலுள்ள சதையைத் தீட்டுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று சிலர் முழு உருவத்தையும் சாம்பலின் பல படிகளிலேயே தீட்டுகிறார்கள். வண்ணத்தில் தீட்டுவதைவிட அது கடினம், ஏனெனில் ஒரு படியில் தவறினால் மறைக்க வேறு நிறம் கிடையாது. அதைவிடப் பெரிய முடிவு ஒளி. விரல் உயர உருவத்தின்மேல் அறை வெளிச்சம் விழுந்தால் முகத்தில் போதுமான நிழல் விழாது. கண்குழியும் தாடையின் அடியும் மேலங்கியின் மடிப்பும் ஆழமாகத் தெரிய வேண்டுமானால் நிழலையே வண்ணமாகத் தீட்ட வேண்டும். ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று முன்பே முடிவெடுக்க வேண்டும். ஒளிப்பதிவாளர் விளக்கால் செய்ததைச் சிற்றுருவக் கலைஞர் தூரிகையால் மறுபடி செய்கிறார். ஒரு ராகத்தை முன்னோர் பாடியிருக்கிறார்கள் என்பதால் இன்று பாடுபவரை நகல் என்று நாம் சொல்வதில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். காப்ரினோவின் பொம்மைகள் கேமராவுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை அசையாமல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் உயிர் போய்விடுகிறது. பொழுதுபோக்குப் பூங்காவில் வைத்தால் வியாபாரமாகிவிடுகிறது என்பதே அந்த மறுப்பு. லில்லேஹாமருக்கு அருகே ஹுண்டர்ஃபோசன் பூங்காவில் காப்ரினோவின் தேவதைக் கதைக் குகை இருக்கிறது. நார்வேயின் நாட்டுக் கதைகள் அங்கே பொம்மைக் காட்சிகளாக நிற்கின்றன. அதைப் படங்களின் எச்சம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதை அமைத்தவர் காப்ரினோவே. அசைவை அவ்வளவு நுட்பமாகப் பிடிக்கத் தெரிந்த மனிதர், தன் பிற்காலத்தில் நின்ற காட்சிகளைக் கட்டத் திரும்பினார். பூங்காவுக்குக் கட்டணம் உண்டுதான். தியேட்டருக்கும் கட்டணம் இருந்தது, டாகேரின் அரங்கத்துக்கும் இருந்தது. கேட்க வேண்டிய கேள்வி, காட்சி நின்றபோது அதில் இருந்த உழைப்பு தெரிகிறதா மறைகிறதா என்பது. ஓடும் படத்தில் ரீசரின் தையலையும் சாண்டெமூஸேயின் மரவேலையையும் நாம் உணர்கிறோமே தவிரப் பார்ப்பதில்லை. நின்ற காட்சியில் பார்க்க முடிகிறது. ஆல்வ்டாலில் 1996இல் ஸ்வெரே ஃபேன் வடிவமைத்துக் கட்டிய ஔக்ருஸ்ட் மையத்தை அதற்காகவே முக்கியமாகக் கருதுகிறேன். மறு ஆண்டே பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர், கேலிச்சித்திரக்காரரின் கற்பனை ஊருக்குக் கூரை போட்டுக் கொடுத்ததில் அந்த நாட்டின் மதிப்பீடு தெரிகிறது.

கடைசியாக ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. இந்தக் கலையின் எதிர்காலமே அதில்தான் நிற்கிறது. படப் பொம்மைகள் நீடித்து நிற்பதில்லை. நுரைரப்பர் சில பத்தாண்டுகளில் இறுகி நொறுங்குகிறது, துணி வெளுக்கிறது, பசை விடுகிறது. 1933இன் கிங் காங் உருவங்களில் ஒன்று 2009இல் லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தபோது, தோலும் ரோமமும் உதிர்ந்து ஏறக்குறைய 56 சென்டிமீட்டர் உலோக எலும்புக்கூடு மட்டும் எஞ்சியிருந்தது. அது ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. எலும்பு கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை. அந்த முகம் எப்படி இருந்தது, ரோமம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற அறிவு இன்று படச்சுருளில் தட்டையாகவும், அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வடித்துத் தீட்டியவர்களின் கைகளில் முப்பரிமாணமாகவும் இருக்கிறது. ஃப்ளோக்லீபாவை 2013இல் திரைக்கு மீண்டும் கொண்டுவந்த ராஸ்முஸ் சிவெர்ட்சென், கணினியில் எல்லாம் செய்துவிடக்கூடிய காலத்திலும் கையால் செய்த பொம்மைகளையும் கட்டிய செட்டுகளையுமே தேர்ந்தெடுத்தார். அதற்கு ஆட்கள் கிடைத்தார்கள். வடிக்கவும் தைக்கவும் தீட்டவும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கைகள் பழகும் இடம் பெரும்பாலும் திரைப்படப் பள்ளி அல்ல, வீட்டு மேசை. ஆகவே அருங்காட்சியகங்கள் பழைய பொம்மைகளைச் சேகரிப்பதோடு நின்றுவிடாமல், அவற்றைப் பார்த்து இன்று உருவம் தீட்டுபவர்களின் வேலைகளையும் வாங்கி, யார் வடித்தது, யார் தீட்டியது, எந்த நிறத்தை ஏன் தேர்ந்தார்கள் என்ற விவரத்தோடு பதிவேட்டில் சேர்க்க வேண்டும். மூலப் பொம்மை நொறுங்கும் நாளில் அதைச் சீர்செய்ய வருபவருக்கு முதலில் தேவைப்படப்போவது அந்த விவரங்கள்தான்.